முடிச்சில்லாத மேஜோடு

வெள்ளானூருக்குப் போய் வேம்புலியம்மாள் வீடு எது என்று கேட்டால் அந்தக் காலத்தில் ஒருவரும் கை காட்டியிருக்க மாட்டார்கள். அம்மன் பேரை வைக்காத வீடு நம் பக்கத்தில் ஏது? தெருவுக்கு நாலு வேம்புலி, நாலு வேம்புலியம்மாள். 'மேஜோடு வேம்பு' என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் ஏர் ஓட்டுகிறவன் ஏரை நிறுத்திவிட்டு வழி சொல்வான். பட்டாளத்து ஆஸ்பத்திரி வண்டி அவள் குடிசை வாசலில் வந்து நின்றதைக் கண்ணால் பார்த்த ஊர் அது. சண்டையில் கால் போன சிப்பாய்கள், பஞ்சாபிக்காரனும் சரி கூர்க்காவும் சரி, அவள் பின்னிய கம்பளிக் காலுறையை, அதான் மேஜோட்டை, மாட்டிக்கொண்டுதான் கட்டைக்கால் போட்டு நடந்தார்கள். நாற்று நட்டுப் பிழைத்த பெண்பிள்ளைக்கு இந்த வித்தை எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரி சொல்லிக்கொடுத்தாள் என்பார்கள். கனவில் அம்மன் வந்து காட்டினாள் என்பார்கள். இரண்டும் சுத்தப் புளுகு. நடந்தது வேறு.

அப்போது இரண்டாம் உலகச் சண்டை உச்சத்தில் இருந்தது. ஆவடியைச் சுற்றிலும் கேழ்வரகு விளைந்த நிலத்திலெல்லாம் பட்டாளத்துத் தகரக் கொட்டகைகள் எழும்பிவிட்டன. வேம்புவின் புருஷன் ராமன் வயல் வேலையை விட்டுவிட்டு, சரக்கு ரயில் வாகனில் வந்து இறங்கும் பெட்டிகளைச் சுமக்கப் போனான். ராமனுடைய நடையைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவனைப் பற்றி ஒன்றும் சொல்லாத மாதிரி. தலைச்சுமையோடு பூந்தமல்லிச் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பி வருவான். அவனோடு கிளம்பிய மற்ற ஆட்கள் அப்போதுதான் பாதி வழியில், பருத்திப்பட்டில், சுமையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள். இதில் அவனுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. அந்த மிதப்புதான் காலை வாங்கிவிட்டது என்று அவன் தாய் முனியம்மா பிற்பாடு மாரில் அடித்துக்கொண்டாள். மிதப்பாவது ஒன்றாவது. ஆடி மாத மழையில் சக்கரத்துக்கு அண்டக்கொடுத்த கட்டை நழுவியது, வாகன் உருண்டது, இடது கால் அடியில் மாட்டிக்கொண்டது. பூந்தமல்லிப் பக்கம் இருந்த பட்டாளத்து ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த ராமன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். பேச்சு நின்றுவிட்டது. குறைக்காலை எந்நேரமும் ஒரு துண்டால் மூடியே வைத்திருந்தான். கட்டிய பெண்டாட்டி கூட அதைப் பார்க்க விடவில்லை. வேம்பு பட்டாளத்துக் கொட்டகை வேலையில் மண் சுமந்து கஞ்சி ஊற்றினாள். அது அவளுக்குப் பெரிய பாரமில்லை. மலை மாதிரி நடந்த மனுஷன் மூட்டை மாதிரி கிடக்கிறானே என்பதுதான் அவளை அரித்தது.

பட்டாளத்துச் சாமான் டிப்போவில் குமாஸ்தாவாக இருந்த சம்பத் இரக்கமுள்ள மனுஷர். ஒருநாள் மண் சுமந்துகொண்டு போனவளை நிறுத்திச் சொன்னார்.

"சாமான் கிடங்கு கேட்டுக்கு ஒரு ஆள் வேணும்மா. காலைச் சங்கிலேருந்து சாயங்காலச் சங்கு வரைக்கும் நிக்கணும், லாரி வந்தா கேட்டைத் திறந்து விடணும், அவ்வளவுதான் வேலை. தை பொறக்கறதுக்குள்ள உன் வீட்டுக்காரன் கட்டைக்கால்ல ஒரு நாள் முழுக்க நின்னு காமிக்கட்டும், வேலை அவனுக்குத்தான். உக்காந்து பாக்கற வேலையா இருந்தா இன்னிக்கே குடுத்துடுவேன்."

வேம்புவுக்கு அந்த நிமிஷம் முதல் வேறு நினைப்பில்லை. அந்த மனுஷன் நிற்க வேண்டும்.

கட்டைக்கால் ஐப்பசியிலேயே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கால் செய்து மாட்டிவிடுகிற வேலை ஜம்புலிங்கத்தினுடையது. நசரத்பேட்டைக்காரர், தோல் வேலையில் கைதேர்ந்தவர். மரத்தில் குடைந்து, உள்ளே தோல் வைத்து, வார் போட்டு இறுக்குகிற மாதிரி செய்திருந்தார். கூடவே மூன்று மேஜோடு கொடுத்தார். குதிகாலும் இல்லை, விரல் பக்கமும் இல்லை. ஒரு பக்கம் திறந்து, ஒரு பக்கம் உருண்டு மூடிய கம்பளிப் பை அது. கட்டைக்காலின் குழிக்குள் குறைக்காலை விடுவதற்கு முன்னால் இதை மாட்டிக்கொள்ள வேண்டும். நூலுக்குச் சாயமே கிடையாது. ஆட்டின் மேல் எந்த நிறத்தில் இருந்ததோ அதே நிறம். நீர் விட்ட மோரைப் போல ஒரு வெளுப்பு. மூக்கில் வைத்தால் ஆட்டுக் கிடை வாசனை. நம் ஊர்ச் செம்மறிக்கு உடம்பில் மயிர் உண்டு, கம்பளி கிடையாது. அதனால் இப்படி மெத்தென்ற நூலை வேம்பு அதுவரை தொட்டதே இல்லை.

"ரெண்டே ரெண்டு வார்த்த சொல்றேன், காதுல போட்டுக்கோ தங்கச்சி" என்றார் ஜம்புலிங்கம். "இதுல சாயம் ஆவாது, முடிச்சு ஆவாது. வேர்வைல சாயம் எறங்கி தோல்ல ஊறினா புண்ணாவும். முடிச்சு கீதே, அது செருப்புல மாட்ன கூழாங்கல்லு. நமக்குன்னா செருப்ப கய்ட்டி உதறிடலாம். இவன் மொத்த ஒடம்பையும் அது மேல வெச்சி நடக்கணும். தெனமும் கைய உள்ள உட்டு, மடிப்பு சுருக்கு இல்லாம பாத்து மாட்டச் சொல்லு. பச்சத் தண்ணில அலசு, நெழல்ல ஒணத்து."

குளிர் தேசத்துக்கு அந்த மூன்று மேஜோடு ஒரு வருஷம் தாங்கியிருக்கும். நம் வேர்வைக்குத் தாங்குமா? ஒன்றரை மாதத்தில் மூன்றும் நைந்து, ஓட்டை விழுந்து, ஓட்டையின் ஓரம் தோலை அறுத்தது. ராமன் கட்டைக்காலைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டான்.

"இத்த மாட்டிகினு ஆட்றதுக்கு நான் இன்னா பொய்க்கால் குத்ரயா?" என்றான். பல நாளைக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அதுதான். பேசினானே என்று சந்தோஷப்படுவதா, பேசிய லட்சணத்துக்கு அழுவதா என்று வேம்புவுக்குத் தெரியவில்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு பூந்தமல்லிக்கு நடந்தாள்.

"அண்ணாத்தே, மேஜோடெல்லாம் கிய்ஞ்சி பூட்சி. வேற குடு."

"வேற எங்க கீது? கப்பல் வந்தாத்தான் வரும். கப்பல் எப்ப வரும்னு பெரிய தொரைக்கே தெரியாது" என்றார் ஜம்புலிங்கம். "நூலு கீது, மூட்ட மூட்டையா. பின்றதுக்கு ஆள் இல்ல. தொரசானிங்க எல்லாம் சண்டைக்குப் போறவனுக்குத்தான் குல்லாவும் மப்ளரும் போட்டுகினு கீறாங்க. கால் போனவனுக்கு யாரு பின்றது?"

"நூலக் குடு. நான் பின்றேன்."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாம எப்டிமா பின்னுவ?"

"பின்னினப்பறம் தெரிஞ்சிடும்" என்றாள்.

ஜம்புலிங்கம் சிரித்துவிட்டார். மேலே போய்க் கேட்டு, நான்கு சிட்டம் நூலை வாங்கி வந்து அவள் மடியில் போட்டார். அவள் சும்மா வாய்ச்சவடால் அடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவள் அப்பன் ஏரியில் மீன் பிடித்தவன். தாவணி போடும் முன்னாலேயே வேம்பு வலை பின்னக் கற்றவள். வெறுங்கையால் கண் கண்ணாகக் கோத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு முடிச்சு போட்டு இழுத்து இறுக்குவாள். வலைக்காரர் வீட்டில் முடிச்சுதான் எல்லாம். ஒரு இடத்தில் அறுந்தால் அந்த ஒரு கண்தான் போகும், மற்றது நிற்கும். அதுதான் அவள் கை அறிந்த ஒரே நியாயம்.

அந்தக் கையோடு கிழிந்த மேஜோடு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூடிய முனையில் நூலின் நுனி எங்கே ஒளிந்திருக்கிறது என்று நகத்தால் துழாவிக் கண்டுபிடித்து இழுத்தாள். ஒரு கண் வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே அடுத்த கண். முடிச்சு எங்காவது தடுக்கும் தடுக்கும் என்று இழுத்துக்கொண்டே போனாள். தடுக்கவே இல்லை. பாதி மேஜோடு மடியில் வெறும் நூலாகக் குவிந்துவிட்டது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு பெரிய ஆளைத் தாங்குகிற சாமானில் ஒரு முடிச்சு கூட இல்லையா? ஒரு கண் அடுத்த கண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர இதில் வேறு ஒன்றுமே இல்லையா? இதை எவன் நம்பி நடப்பான்?

ஆனால் பிடிவாதக்காரி. அவிழ்ந்த கண்ணை மறுபடி குச்சியில் ஏற்றினாள். அவிழ்த்தாள், ஏற்றினாள். கண் எந்தப் பக்கமாக நுழைந்து எந்தப் பக்கமாக வெளியே வருகிறது என்பதை அவிழ்த்து அவிழ்த்தே பார்த்துவிட்டாள். சைக்கிள் கடையில் கெஞ்சி நாலு ஸ்போக்ஸ் கம்பி வாங்கி, முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கினாள். மூன்று கம்பியில் கண்களை நிறுத்தி நாலாவதால் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும் என்பது பிடிபட அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதலில் வந்தது பிரிமணை மாதிரி இருந்தது. அடுத்தது பூனைக் காலுக்குக் கூடப் போகாது. எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுத் திரும்ப ஆரம்பித்தாள். மண் சுமந்துவிட்டு வந்த கை, உலையை ஏற்றிவிட்டு உடனே கம்பியைப் பிடித்தது. தலையில் அடித்துக்கொண்டு பிரிப்பாள், வாயில் வந்தபடி நூலைத் திட்டுவாள், மறுபடி பின்னுவாள். அந்தத் திட்டுகளை இங்கே எழுத முடியாது.

அளவு வேண்டியிருந்தது. ராமன் பக்கத்தில் உட்கார்ந்து துண்டை விலக்கப் போனாள். அவன் கையைத் தட்டிவிட்டான்.

"அத்த இன்னாத்துக்குப் பாக்கற?"

"மேஜோடு பின்றவ காலப் பாக்காம பின்னுவாளா மாமா? நீ கண்ண மூடிக்கோ. எனக்கு ஒண்ணும் பயமில்ல."

அவன் துண்டை விட்டுக் கையை எடுத்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேம்பு துண்டை எடுத்தாள். தைத்த தழும்பும் சுருங்கிய தோலுமாக இருந்த அந்தக் குறைக்காலை இரண்டு கையிலும் ஏந்தி, நூலால் சுற்றளவு எடுத்தாள். மேலே, நடுவில், முனையில். அவளுக்கு அருவருப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. என்ன ஒரு மனுஷி. நாற்று முடியைக் கையில் பிடிக்கிற மாதிரி அத்தனை இயல்பாகப் பிடித்திருந்தாள். அன்று முதல் ராமன் அவளிடம் அதை மறைக்கவில்லை.

மேஜோடு உருவாகிவந்தது. அப்போதுதான் முனியம்மா ஆரம்பித்தாள். கிழவி கெட்டவள் இல்லை, பயந்தவள்.

"இன்னாடி இது, வெள்ள வெளேர்னு. ஒரு பொட்டு மஞ்சா இல்லாம புதுசு எதனாச்சும் ஒடம்புல போடுவாங்களா? கோடித் துணியாட்டம் கீது. சாவூட்டுல போட்றத என் புள்ள கால்ல மாட்டப் போறியா?"

"சாயம் ஆவாதுன்னு சொல்லிக்கிறாங்க அத்தே."

"அவுங்களுக்கு இன்னா தெரியும். பொழைக்க வேண்டியது ஒம் புருசன்."

வேம்பு அத்தைக்குப் பதில் சொல்லிவிட்டாளே தவிர, பேச்சு நெஞ்சில் தைத்துவிட்டது. புதுத்துணி என்றால் ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் அவளும் ஒருநாளும் உடுத்தியதில்லை. அதோடு இன்னொரு பயம் ஏற்கெனவே உள்ளே இருந்தது. கடைசிக் கண்களையெல்லாம் ஒரே நூலில் கோத்து இழுத்து முனையை மூடியாகிவிட்டது. நூல் நுனியைக் கண்களுக்குள் இப்படியும் அப்படியும் நுழைத்து மறைத்துவிட்டால் போதும், ஆஸ்பத்திரி மேஜோட்டில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவள் கை ஒப்பவில்லை. முடிச்சு போடாமல் விட்ட நூல் ஒரு நாள் முழுக்க அந்த மனுஷனைத் தாங்குமா? நடுவழியில் அவிழ்ந்துகொண்டால்?

கோயிலுக்குப் போனாள். அம்மன் காலடியில் வைத்த மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு வாங்கிக்கொண்டாள். "தாயே, ஒரே ஒரு நாள். அந்த மனுசன் தன் கால்ல நிக்கணும், நடந்து ஊடு வந்து சேரணும். அது போதும்" என்று வேண்டிக்கொண்டு, மேஜோட்டின் உள்பக்கம், மூடிய முனையில், கம்பளி நூலையும் மஞ்சள் கயிற்றையும் சேர்த்து ஒரு முடிச்சு போட்டாள். சின்ன முடிச்சு, மிளகு அளவு கூட இருக்காது. ஜம்புலிங்கம் சொன்ன இரண்டு வார்த்தையும் அவளுக்கு மறக்கவில்லை. மனதார மீறினாள். தாலியே முடிச்சில் நிற்கிறது, வேண்டுதல் முடிச்சில் நிற்கிறது, அப்பன் வலை முடிச்சில் நின்றது. இது மட்டும் எப்படிக் கெடுதல் செய்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. வலைக்காரன் மகளைத் தவிர வேறு யாருக்கும் இப்படித் தோன்றியிருக்காது.

மார்கழி முடிகிற சமயம். சம்பத் சொன்ன நாள் வந்தது. காலையில் ராமன் தானே உட்கார்ந்து மேஜோட்டை எடுத்தான். ஜம்புலிங்கம் பழக்கிவிட்டபடி, சுருக்கு இருக்கிறதா என்று கையை உள்ளே விட்டு முனைவரை தடவினான். தடவிய கை ஒரு கணம் நின்றது. வேம்புவை ஏறிட்டுப் பார்த்தான். மெத்தென்று இருக்கிறதே என்று பார்க்கிறான் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவன் மேஜோட்டை மாட்டிக்கொண்டு வாரை இறுக்கினான்.

டிப்போ கேட்டில் ராமன் நின்றான். வேம்புவுக்கு அன்று அதே பக்கம்தான் மண் வேலை. கூடையைத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் ஒரு பார்வை, வரும்போதெல்லாம் ஒரு பார்வை. லாரி வந்தது, கேட்டைத் திறந்தான். லாரி போனது, மூடினான். வெயில் ஏறியது. கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள், "இன்னாமே வேம்பு, புது மாப்பிள்ளையப் பாக்கற மாதிரி பாக்கற" என்று. பார்த்தால் என்ன, என் புருஷன்தானே என்று மண்ணைக் கொட்டினாள். மத்தியானத்துக்கு மேல் அவன் பல்லைக் காட்டிக்கொண்டே நின்றான். எத்தனை மாதமாயிற்று அவன் சிரித்து என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. சாயங்காலச் சங்கு ஊதியதும் சம்பத் வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"தை ஒண்ணாந்தேதி வந்துடு ராமா" என்றார்.

வண்டி ஒன்று வெள்ளானூர்ப் பக்கம் போகிறது, ஏறிக்கொள் என்றார்கள். ராமன் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நடந்தான். மெள்ள, கழியை ஊன்றி, வழியில் யாரோடும் பேசாமல் வீடுவரை நடந்தே வந்தான். வேம்பு பின்னாலேயே வந்தாள். அன்றைக்கு அவள் கால் தரையில் படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

வீட்டில் வாரை அவிழ்த்து, கட்டைக்காலை உருவினாள். மேஜோடு வரவில்லை. முனையில் கறுத்து, ஊறி, தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு விட்டு மெள்ளக் கழற்றினாள். உள்ளே தழும்புக்குப் பக்கத்தில் சதை குழிந்து, ரத்தமாக இருந்தது. குழியில் உட்கார்ந்திருந்தது அந்த முடிச்சு.

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்பது உட்பட.

"மாமா, எப்பலேருந்து வலி?"

"காலைலேருந்து."

"முடிச்சு கீறது தெரியுமா ஒனக்கு?"

"கைய உட்டப்பவே தெரியும். கயிறு தட்டுப்பட்ச்சி."

"தெரிஞ்சா பிச்சி எறிய வேண்டியதுதான? ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதான?"

ராமன் மூலையைப் பார்த்தான். "நீ கோயில் அம்மாகிட்ட வேண்டிகினு முடிஞ்சத நான் அவுக்கறதா? நீ இன்னா பாடுபட்டு பின்னன. காலு தான மே. பாதி ஏற்கெனவே பூட்சி."

  ஆடி மாதத்திலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத வேம்பு அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காய்ச்சல் கண்டது. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, புண் ஆறும்வரை கட்டைக்காலைத் தொடக் கூடாது என்றார். சீழ் எலும்புக்குப் போனால் முழங்காலையும் சேர்த்து எடுக்க வேண்டிவரும் என்றார். முழங்கால் போய்விட்டால் நிற்பது நடப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை ஜம்புலிங்கம் தமிழில் அவளுக்குச் சொன்னார்.

"ரெண்டே ரெண்டு வார்த்ததானம்மா சொன்னேன்" என்றார்.

"என் புத்தியச் செருப்பால அடி அண்ணாத்தே."

 ஜம்புலிங்கம் மேஜோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த முடிச்ச விட்டா இதுல ஒரு கொற இல்ல தங்கச்சி. கப்பல்ல வந்தத விட சோக்கா கீது. மெய்யாலுமே நீயாத்தான் பின்னியா?" என்று கேட்டார். மறுபடி நூல் கொடுத்தார். சம்பத்திடமும் அவரே போய்ப் பேசினார். தை முடிகிறவரை பழைய காவல்காரனை வைத்துச் சமாளித்துக்கொள்வதாக சம்பத் சொல்லி அனுப்பினார். அதற்கு மேல் அவர் கையில் இல்லை.

அந்தத் தை மாதம் வேம்பு எப்படி இருந்தாள் என்று வெள்ளானூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தால் காலையும் மாலையும் புண்ணைக் கழுவிக் கட்டினாள். மந்திரிக்க ஆள் கூட்டிவந்த முனியம்மாவை வாசலோடு திருப்பி அனுப்பினாள். புண்ணிலிருந்து எடுத்த மஞ்சள் கயிற்றை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நாள் மடியிலேயே செருகி வைத்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் நெடுநேரம் நின்றுவிட்டு வந்தாள். அதன் பிறகு மடியில் கயிறு இல்லை.

மிச்ச நேரமெல்லாம் பின்னினாள். கடைசிக் கண்களை மூடுகிற இடம் வந்ததும் கை பரபரத்தது, பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம் லேசில் போகுமா. கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து உலாவினாள். பிறகு உட்கார்ந்து, நூல் நுனியைக் கண்ணுக்குள் விட்டு, திருப்பி, இன்னொரு கண்ணுக்குள் விட்டு, அப்படியே ஓடவிட்டு மறைத்தாள். முடிச்சு போடவில்லை. உட்புறத்தை வெளியே திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு இமையின் மேல் வைத்து உரசினாள். விரலுக்குக் காய்ப்பு ஏறியிருந்தது, அதற்கு ஒன்றும் தெரியாது. இமைக்கு எல்லாம் தெரியும். ஓர் இடத்தில் ஏதோ உறுத்தியது. மொத்தத்தையும் பிரித்துவிட்டாள். திரும்பப் பின்னினாள். பிற்பாடு அந்த ஆஸ்பத்திரிக்கு அவள் பின்னிக் கொடுத்த மேஜோடெல்லாம் அவள் கண் இமையில் பட்டுவிட்டுத்தான் போயின. முகம் தெரியாத எத்தனையோ பேருடைய காலுக்காக அந்தக் கண்கள் அப்படி உழைத்தன. இவளை வணங்காமல் வேறு யாரை வணங்குவது?

தை முடியும்போது புண் ஆறியிருந்தது. ஜம்புலிங்கம் வந்து பார்த்துவிட்டு, தோல் கெட்டியாகிவிட்டது, இனி மாட்டலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் டிப்போவுக்குப் போக வேண்டும். காலையில் வேம்பு மேஜோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். ராமன் கையை உள்ளே விட்டான். முனைவரை தடவினான். திரும்பத் தடவினான். கையை எடுத்துவிட்டு மேஜோட்டைக் கட்டில் மேல் வைத்தான்.

"கயிறு எங்க?"

"இல்ல."

"அப்ப நான் போட மாட்டேன்."

முனியம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். வேம்பு அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கி நாள் பூரா நின்னனே, அது என்னால ஆச்சின்னு நெனச்சியா?" என்றான் ராமன். "கோயில் அம்மா நிக்க வெச்சா. இந்தக் கட்டையால எங்க நிக்கிறது? இப்ப அவள அவுத்துப் போட்டுட்டு என்ன நடன்னு சொல்ற. மொத அடிலயே உய்ந்துடுவேன். வேணாம் மே. உடு."

அவன் உடம்பு திரும்பிக்கொண்டிருந்தது, சுவர்ப் பக்கமாக. அதை இப்போதே நிறுத்தினால்தான் உண்டு என்று வேம்புவுக்குத் தெரிந்தது.

"நான் இன்னா வேண்டிகினேன்னு ஒனக்குத் தெரியுமா மாமா?"

"தெரியாது."

"ஒரே ஒரு நாளு என் மாமன் தன் கால்ல நிக்கணும், நடந்து ஊடு வந்து சேரணும்னு கேட்டேன். அவ்ளோதான் கேட்டேன். அன்னிக்கி சங்கு ஊதற வரிக்கும் நின்ன. வண்டில ஏறாம நடந்து வந்த. வேண்டினது பலிச்சிட்ச்சின்னா அப்பறம் முடிச்ச வெச்சிகினு இருக்கக் கூடாது, அவுத்து கோயில்ல சேக்கணும். ஒங்கம்மாவயே கேளு."

ராமன் முனியம்மாவைப் பார்த்தான். கிழவி என்ன சொல்வாளோ என்று வேம்புவுக்குக் கூடத் தெரியவில்லை. முனியம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி யோசித்தாள்.

"மெய்தான்டா" என்றாள். "பலிச்சப்பறம் வெச்சிக்கக் கூடாது. தெய்வக் குத்தம்."

"சேத்துட்டேன்" என்றாள் வேம்பு. "அன்னிக்கே நீ நடந்து முடிச்சிட்ட மாமா. அதுக்கப்பறம் வேண்டிக்கறதுக்கு இன்னா கீது?"

ராமன் மேஜோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவளையும் மேஜோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். மற்றவர்கள் பாதி வழி போவதற்குள் சந்தைக்குப் போய்த் திரும்பிய அந்த மனுஷன், ஆடி மாதத்துக்குப் பிறகு தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டான்.

"அப்ப நான் நடந்துட்டனா, வேம்பு?"

"நடந்துட்ட மாமா. நான் பின்னாலயே வந்தேன்."

அவன் உதடு கோணியது. சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதான். வேம்பு தேற்றவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டாள். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேஜோட்டைத் தானே மாட்டி, வாரைத் தானே இறுக்கி, சுவரைப் பிடிக்காமல் எழுந்து நின்றான்.

"சங்கு ஊதிடப் போறான், கஞ்சிய ஊத்து" என்றான்.